மகிழ்ச்சிக்கு ஒரு பயணச்சீட்டு

யப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவில், ஒபிஹிரோ நகரிலிருந்து ஹிரோ வரை 84 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையொன்று இருந்தது. 1932இல் முற்றுப்பெற்ற அது 1987 பெப்ரவரியில் மூடப்பட்டது. அதிலிருந்த இரு நிலையங்கள் ஐகொக்கு, கோபுக்கு. முன்னதன் பொருள் நாட்டுப்பற்று. பின்னதன் பொருள் மகிழ்ச்சி.

கோபுக்கு என்ற பெயர் பிறந்த விதம் சுவையானது. அப்பகுதியின் ஆதிக்குடிகளான ஐனு மக்கள் அவ்விடத்தைச் 'சத்நை' என்றனர். வரண்ட ஆறு என்பது பொருள். குடியேறிய யப்பானியர் ஒலியை மட்டும் எடுத்து, நற்பேறு, நிலநடுக்கம் என்னும் பொருளுடைய இரு எழுத்துக்களால் அதை எழுதினர். என்ன பொருத்தமோ! புக்குயிப் பகுதியிலிருந்து வந்தோர் அங்கு மிகுந்திருந்தமையால், பின்னர் நிலநடுக்கத்தை நீக்கித் தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்தை அவ்விடத்தில் வைத்தனர். மகிழ்ச்சி பிறந்தது, ஐனுச் சொல் ஊர்ப்பெயரிலிருந்து அகன்றது.

1973இல் தொலைக்காட்சி இவ்வூரைக் காட்டியது. முந்திய ஆண்டில் ஏழே ஏழு விற்ற ஐகொக்கு–கோபுக்கு பயணச்சீட்டு, நான்காண்டுகளில் ஒரு கோடி விற்றதாம். 'ஐ' என்பது அன்பையும் காதலையும் குறிக்குமாதலால், காதல் நாட்டிலிருந்து மகிழ்ச்சிக்கு என்று அதை வாசித்தனர். சீட்டு வாங்கியோரில் வண்டி ஏறியோர் சிலரே. ஊராரோ மோட்டார் வாகனங்களுக்கு மாறிவிட்டனர். கடனில் மூழ்கிய அரச புகையிரத சேவை, நட்டமடைந்த கிளைப்பாதைகளை ஒவ்வொன்றாக மூடியது, மகிழ்ச்சிக்கும் விலக்களிக்கவில்லை.

கோபுக்குவில் இப்போது வண்டி வருவதில்லை. நிலையத்தின் மரச்சுவர்களில் மட்டும், வந்துபோவோர் பயணச்சீட்டுப் பிரதிகளில் தம் வேண்டுதல்களை எழுதி ஒட்டிச் செல்கிறார்கள்.