மருந்துச் செலவைக் குறைப்போம், மருந்தைக் குறைக்க வேண்டாம்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்றவன். அந்த யன்னலால் கண்டதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். என்ன வருத்தத்துக்கு என்ன மருந்து என்பதை வைத்தியர் சொல்வார். உங்கள் காசு எங்கே வீணாகப் போகிறது என்பதுதான் என்னுடைய பேச்சு.

முதலில் ஒரு அம்மாவின் கதை. சீனி வருத்தக்காரி. இடம்பெயர்ந்திருந்த ஊரில் ஒழுங்காகக் கிளினிக் போனவர். சொந்தக் காணிக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கே மாதாமாதம் போய்வர வேண்டியிருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், அன்றைய கூலியும் இல்லை. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையும் இரவும் போட வேண்டிய குளிசையைக் காலையில் மட்டும் போட்டார். ஒரு மாதக் குளிசை இரண்டு மாதத்துக்கு வந்தது. பஸ் காசும் பாதியாகியது. "மிச்சம் பிடிச்சனான் தம்பி" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

காணி துப்புரவாக்கும்போது காலில் முள் குத்தியிருக்கிறது. சீனி கூடிக் கால் விறைத்திருந்தபடியால் அவருக்கு அது தெரியவில்லை. விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரி ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற மகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை. சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் தோட்டை ஈடு வைத்தார்கள். அந்தத் தோடு திரும்பவில்லை என்றுதான் கேள்விப்பட்டேன்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் காசில்லாதவர் எங்காவது குறைக்கத்தான் பார்ப்பார். குளிசையில் குறைத்ததுதான் பிழை. அவர் குறைத்திருக்க வேண்டியது பயணத்தை.

பயணத்தை எப்படிக் குறைப்பது? உங்கள் சீனியோ பிரஷரோ கட்டுப்பாட்டில் இருந்தால், பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலிருந்து வீட்டுக்குக் கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். "ஐயா, நான் இப்ப இந்த ஊருக்கு வந்திட்டன், கிட்ட உள்ள இடத்துக்குக் கடிதம் தாங்கோ" என்று சொன்னால் போதும். கேட்கப் பயப்படுகிறோம், வைத்தியர் ஏசுவார் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். அவர்களுக்கும் கூட்டம் குறைவதில் சந்தோஷம்தான். பழைய ஆஸ்பத்திரிக்குப் போகவே வழியில்லை என்றால், கொப்பியையும் மிச்சக் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு கிட்ட உள்ள ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து கிளினிக்கில் பதியலாம்.

கொப்பி என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியை அடையாள அட்டை மாதிரிக் காப்பாற்றுங்கள். அது தொலைந்தால் இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. வெளியில் செய்தால் அத்தனைக்கும் உங்கள் காசு. கூரை ஒழுகுகிற தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் கொப்பியையும் றிப்போட்டுகளையும் ஒரே பொலித்தீன் உறையில் போட்டுக் கட்டி வையுங்கள். மருந்துப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அங்கு தந்த துண்டுகளை எறிய வேண்டாம். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இங்குள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். எது போட்டது, எது மிச்சம் என்று பார்த்து இலவசமாகப் போடுவார்கள்.

இனி பாமசிக்கு வருவோம். சில மாதங்களில் ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து முடிந்துவிடும், வெளியில் வாங்கும்படி துண்டு தருவார்கள். அந்தத் துண்டை வாங்கியவுடன் அங்கேயே கேளுங்கள்: இந்த மருந்தின் பொதுப்பெயர் என்ன, எப்போது திரும்ப வரும், அதுவரைக்கும் எத்தனை நாளுக்கு வாங்க வேண்டும்? அடுத்த கிழமை வந்துவிடும் என்றால் முழு மாதத்துக்கும் வாங்கத் தேவையில்லை.

பொதுப்பெயர் என்பது மருந்தின் உண்மையான பெயர். பெனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த பெயர், உள்ளே இருப்பது பரசிற்றமோல். சீனிக்குத் தரும் மெற்போமின், பிரஷருக்குத் தரும் லொசாட்டன், கொழுப்புக்குத் தரும் அற்றோவஸ்ரற்றின் எல்லாம் பல கம்பனிப் பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுகின்றன. "இதே மருந்தில் விலை குறைந்தது எது?" என்று பாமசியில் கேட்பது வெட்கப்படும் காரியமல்ல. இந்த நாட்டில் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் 1971இல் தொடங்கப்பட்டதே, சனங்கள் கம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல் நல்ல மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். பேராசிரியர் சேனக பிபிலே அதற்காக உழைத்தவர். நகரத்துக்குப் போகும்போது அந்தக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல பாமசி இருந்தால் அங்கே விலையைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் வலிப்பு மருந்தையும், இரத்தம் உறையாமல் தரும் மருந்தையும் வைத்தியரைக் கேட்காமல் கம்பனி மாற்ற வேண்டாம்.

பெயர் தெரியாததால் காசு மட்டுமல்ல, உயிரும் போகப் பார்த்ததுண்டு. ஒரு ஐயா ஆஸ்பத்திரிக் குளிசையும் போட்டார், தனியாரிடம் காட்டி வாங்கிய குளிசையும் போட்டார். இரண்டும் கிளிக்லசைட். உறையில் வேறு வேறு பெயர். சீனி இறங்கி வயலில் மயங்கி விழுந்தார். நீங்கள் எங்கே போனாலும் போடுகிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தனியாரிடம் சனல் பண்ணுவது பற்றியும் கேட்கிறீர்கள். போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் நீங்கள் பின்னேரம் காசு கட்டிக் காணும் அதே வைத்திய நிபுணர் பல வேளைகளில் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இருக்கிறார். வெளிநோயாளர் பிரிவில் கடிதம் வாங்கினால் அங்கே காணலாம். விடியப் போய் வரிசையில் நிற்க வேண்டும், அது உண்மை. அந்த ஒரு நாள் கூலியையும் சனல் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். இருதயம், சிறுநீரகம் போன்ற பெரிய சத்திரசிகிச்சை என்றால் காணியை விற்க ஓட முன்னர், திகதி குறித்தவுடனேயே, ஜனாதிபதி நிதிய உதவிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். இன்னும் கரண்ட் வராத வீடுகளும் இருக்கின்றன. வெயிலில் கெட்டுப்போன இன்சுலினைப் போட்டாலும் போடாததற்குச் சமன். ஒரு மண்பானையில் மணல் போட்டு நனைத்து, அதற்குள் சிறிய முட்டியை வைத்து, இன்சுலினை நனையாத உறையில் அதற்குள் வைத்து மூடி, நிழலில் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். பாவித்துக்கொண்டிருக்கும் குப்பிக்கு இது போதும். திறக்காத குப்பிகளைக் குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் கேட்டு வையுங்கள். ஐஸ் கட்டிக்குள் மட்டும் வைக்க வேண்டாம், உறைந்தால் அதுவும் பழுது.

காய்ச்சல் என்றவுடன் பாமசியில் மூன்று குளிசை கடதாசியில் சுற்றி வாங்குகிற பழக்கத்தை விடுங்கள். அது என்ன குளிசை என்று உங்களுக்கும் தெரியாது, பிறகு பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. ஊசி போட்டால்தான் சுகம், சேலைன் ஏற்றினால்தான் பலம் என்பதும் காசைத்தான் குறைக்கும். டெங்குக் காலத்தில் பரசிற்றமோல் தவிர வேறு நோக் குளிசை போடக் கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதியுங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. நீங்கள் சொல்லாவிட்டால் இங்கே மலேரியாவை உடனே யாரும் நினைக்க மாட்டார்கள். அந்தச் சோதனையும் மருந்தும் இலவசம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் அப்படித்தான். கசநோய் என்று வந்தால் ஆறு மாத மருந்தும் காசில்லாமல் கிடைக்கும்.

நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அங்கே இலவசம். பாம்பு கடித்தாலும் அங்கேதான், வேறு எங்கேயும் நேரத்தைப் போக்க வேண்டாம். அவசரத்துக்கு வாகனம் பிடிக்கக் கடன் வாங்காமல் 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.

அந்த மேசையில் பொலித்தீன் உறைகள் வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஒன்று எடுங்கள். கொப்பியும் குளிசையும் கொண்டுவந்தவர்கள் இப்போது என்னிடம் வாருங்கள், ஒவ்வொன்றாகப் பெயர் வாசித்துப் பார்ப்போம். குளிசையைப் பாதியாக்கிப் போடுகிறவர்கள் இருந்தால் முதலில் வாருங்கள். நான் ஏச மாட்டேன்.