நகையை விற்க வேண்டாம்



1982-இல் கலிபோர்னியாவில் போலி ஹெராயின் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர் சிலர் திடீரென உடல் விறைத்து, அசைய முடியாமற் போனார்கள். அதிலிருந்த எம்.பி.டி.பி. என்ற நச்சு, டோபமின் சுரக்கும் மூளை உயிரணுக்களை அழித்திருந்தது. பார்க்கின்சன் நோயில் அழிவதும் அவையே.

ஆக்சிஜனால் உண்டாகும் சிதைவை வைட்டமின் ஈ தடுக்கும் என்று நம்பி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளைக் கொண்டு சோதித்தார்கள். தினம் 2,000 யூனிட் கொடுத்தும் பயனில்லை என்று 1993-இல் முடிவு வெளிவந்தது.

"நகையை விற்று அப்பாவுக்கு வெளிநாட்டு வைட்டமின் வாங்கட்டுமா, ஐயா?" என்று ஒரு மகள் கேட்டாள். டாக்டரிடம் அழைத்துப்போனேன். "லெவோடோபாவை வேளை தவறாமல் கொடும்மா. நோயை அது நிறுத்தாது, ஆனால் அப்பா தன் கையால் சாப்பிடுவார்" என்றார்.

நகை அவள் கழுத்திலேயே இருக்கிறது. உண்மையைச் சொல்வதும் ஊழியமே.