வேலையை விடுமுன் கணக்குப் பார்ப்போம்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் மத்தியில், போயா விடுமுறையில் கொட்டாஞ்சேனையில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தைப் புடைவைக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பிள்ளைகள் நம்மிடம் கேட்பது இதுதான்: "இனி தாதியாகப் போக முடியுமா?"

சிலருக்கு முடியும். மலையக ஆஸ்பத்திரியில் வலியைத் தமிழில் சொல்லி, விளங்காததால் கையால் காட்டி நிற்கும் நம் தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆனால் வேலையை விடுமுன் கணக்குப் பார்க்க வேண்டும்.

அரச தாதியர் பயிற்சி மூன்று வருடம். சுகாதார அமைச்சு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோரும். தெரிவானவர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களைக் கேட்கிறார்கள். சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலப் பெறுபேறுகளையும் பார்க்கிறார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். தோட்டப்புறப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை மிகக் குறைவு. கலைப் பிரிவு படித்தது பிள்ளையின் குற்றமல்ல. அந்தப் பிரிவைக் கேட்டுப் போராடுவது சங்கத்தின் வேலை.

கலைப் பிரிவுக்காரர் உயிரியலையும் இரசாயனவியலையும் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். வெள்ளவத்தையில் தமிழ்மொழி வகுப்புகளுக்குக் குறைவில்லை. நேரம்தான் இல்லை. வயதெல்லையும் உண்டு. ஆகவே பத்தொன்பது வயதுத் தங்கச்சிக்கும் இருபத்தாறு வயது அக்காவுக்கும் ஒரே பதிலை நாம் சொல்ல முடியாது.

கொட்டாஞ்சேனையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, சம்பளத்தில் மிச்சம்பிடித்து, 'நர்சிங்' என்று விளம்பரப்படுத்திய ஒரு தனியார் வகுப்புக்குத் தவணை தவணையாகக் காசு கட்டினார். முடிந்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சான்றிதழைக் காட்டித் தாதியாகப் பதிவு பெற முடியாது என்று. அவரோடு நாமும் அலைந்தோம், காசு திரும்பவில்லை. எங்கே சேர்ந்தாலும் முதல் ரூபாயைக் கொடுக்குமுன், "இதைப் படித்தால் தாதியாகப் பதிவு கிடைக்குமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பராமரிப்பாளருக்கான என்.வி.கியூ. பயிற்சி நல்ல தொழிலுக்கு வழி காட்டும், குறைசொல்ல மாட்டோம். ஆனால் அது தாதித் தகைமை அல்ல.

இன்னொன்று, கடதாசி. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. நம்மவர்களிடம் இது சர்வசாதாரணம். திருத்த மாதக்கணக்காகும். விண்ணப்ப முடிவுத் திகதி நமக்காகக் காத்திருக்காது. பிரதேச செயலகத்தில் இந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.

உங்களிடம் இருப்பதையும் குறைத்து எண்ணாதீர்கள். கடையில் நின்று பழகிய சிங்களம் நாளை நோயாளியின் கட்டிலருகே உதவும். ஆங்கிலத்தைத்தான் தேற்ற வேண்டும்.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வருகிறது. அதைப் பார்த்து உங்களுக்குச் சொல்லும் பொறுப்பை நாம் எடுக்கிறோம். அடுத்த போயாவுக்கு வரும்போது பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றின் பிரதியையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்ப்போம்.