பொறியும் பிழையும்: பேராசிரியர் வில்க்சின் பணி



கணிப்பொறி என்றவுடன் அதன் விரைவையே வியந்து பேசுவார் பலர். அவ்விரைவு எளிதில் வந்ததன்று. வந்த பின்னரும் அது தனியே வரவில்லை, ஓர் இடரையும் உடன்கொண்டு வந்தது. அவ்விடரைத் தொடக்கத்திலேயே கண்டு, தம் பெருமைக்குக் குறைவென்று கருதாது எழுதியும் வைத்தவர் பேராசிரியர் மாரிசு வில்க்சு.

இங்கிலாந்தில் தட்லி என்னும் ஊரில் 1913-இல் அவர் பிறந்தார். கேம்பிரிட்சில் கணக்கியல் பயின்று, வானொலி அலைகள் மேல்வளியிற் பரவும் இயல்பை ஆய்ந்து முனைவரானார். உலகப்போர் முடிந்த 1945-இல், அப்பல்கலைக்கழகத்தின் கணக்கியல் ஆய்வகத்திற்குத் தலைவரானார்.

1946-ஆம் ஆண்டு மே மாதம் அவர் கைக்கு ஓர் அறிக்கை வந்தது. கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைத்து இயங்கும் பொறியைப் பற்றி, அமெரிக்காவில் வான் நியூமன் வரைந்தது அது. ஓர் இரவுக்கே இரவலாகக் கிடைத்தது. படியெடுக்கும் கருவியோ இல்லை. இரவு முழுதும் கண்விழித்துப் படித்தார்; இனிச் செல்லவேண்டிய வழி இதுவே என்று தெளிந்தார். அக்கோடையில் பிலடெல்பியாவில் நடந்த கணிப்பொறிச் சொற்பொழிவுகளின் இறுதிப் பகுதியைத்தான் அவரால் கேட்க முடிந்தது. ஆயினும் குயின் மேரிக் கப்பலில் நாடு திரும்பும்போதே தம் பொறிக்கு வரைவு எழுதத் தொடங்கிவிட்டார். அதுவே பின்னர் எட்சாக்கு எனப் பெயர் பெற்றது.

உலகிலேயே சிறந்த பொறியைக் கட்டவேண்டும் என்று அவர் புறப்படவில்லை. ஆய்வாளர்க்கு விரைவிற் பயன்படும் பொறியே அவருக்கு வேண்டியிருந்தது. ஆகவே அறிந்த உறுப்புகளையே கொண்டார். ஏறத்தாழ 3000 வெற்றிடக் குழல்கள்; நினைவகத்திற்கு இதள் (பாதரசம்) நிரப்பிய எஃகுக் குழாய்கள். குழாயின் ஒரு முனையில் மின்துடிப்பு ஒலியதிர்வாக மாறி, இதளின் வழியே மெல்ல ஊர்ந்து, மறுமுனையில் மீண்டும் மின்துடிப்பாகும். அதை வலுவூட்டி முதல் முனைக்கே திருப்பி விடுவர். மறந்துவிடும் என்றஞ்சி வாய்ப்பாட்டை ஓயாது ஒப்பிக்கும் சிறுவனைப் போன்றது அந்நினைவகம்! செலவுக்குக் கைகொடுத்தது யார்? தேநீர்க்கடைகள் நடத்திவந்த இலயன்சு நிறுவனம். 3000 பவுன் பணமும் ஓர் ஆளின் உழைப்பும் அது தந்தது. பின்னர் எட்சாக்கைப் பின்பற்றி இலியோ என்னும் பொறியைத் தன் அலுவலகக் கணக்குக்கே கட்டிக்கொண்டது.

1949 மே 6-ஆம் நாள், 0 முதல் 99 வரையுள்ள எண்களின் இருமடிகளை எட்சாக்கு கணித்து அச்சிட்டது. மான்செச்தரில் ஒரு சிறு சோதனைப்பொறி 1948-இலேயே இயங்கியதுண்டு. எனினும், பல துறை ஆய்வாளர் நாடோறும் வந்து பயன்கொள்ளத்தக்க நிலையில் அமைந்தது எட்சாக்கே. புரதத்தின் வடிவத்தைக் கண்டு 1962-இல் நோபெல் பரிசு பெற்ற கெண்ட்ருவின் கணக்குகளும் அதில் நடந்தவையே.

இங்கே மொழியார்வலர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பொறி அறிந்தது எண் ஒன்றையே. அதற்காக மாந்தன் எண்ணிலேயே எழுத வேண்டுமா? தேவையில்லை என்றது கேம்பிரிட்சு. கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே குறியாயிற்று. அவ்வெழுத்தை எண்ணாக மாற்றும் வேலையைப் பொறியே செய்யுமாறு, தாவீது வீலர் என்னும் ஆய்வு மாணவர் 31 கட்டளைகளை அமைத்தார். மாந்தன் பொறியின் மொழிக்கு இறங்கவில்லை. பொறி அவன் மொழிக்கு வந்தது. 1949-இல் நடந்தது இது!

வில்க்சின் பிற ஆய்வுகளும் பெரியனவே. பொறியின் உட்கட்டுப்பாட்டையே சிறுசிறு கட்டளைகளாக எழுதிவைக்கும் நுண்நிரல் முறையை 1951-இல் வெளியிட்டார். 1958-இல் இரண்டாம் எட்சாக்கு அம்முறையில் இயங்கியது. பெரிய நினைவகத்தின் முன்னே விரைவுமிக்க சிறு நினைவகம் ஒன்றை வைக்கும் கருத்தை 1965-இல் எழுதினார். தூரிங்குப் பரிசு 1967-இல் அவரை அடைந்தது. 1980 வரை ஆய்வகத் தலைவராயிருந்து, 2010-இல் தம் 97-ஆம் அகவையில் மறைந்தார்.

இனி, அவர் கண்ட இடர். 1949-ஆம் ஆண்டுக் கோடை. வில்க்சே ஒரு நிரலை எழுதித் தாள்நாடாவில் துளையிட்டுப் பொறிக்குக் கொடுத்தார். அது சரிவர ஓடவில்லை. திருத்தினார், மீண்டும் ஓடவில்லை. பொறியறைக்கும் துளையிடும் கருவிக்கும் இடையே படியேறி இறங்குகையில், மாடிப்படித் திருப்பம் ஒன்றில் அவருக்கு உண்மை உறைத்தது: எஞ்சிய வாழ்நாளில் ஒரு பெரும்பகுதி, தாம் எழுதும் நிரல்களில் தாமே செய்யும் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது! பொறியைக் கட்டுவதே அரிது, எழுதுவது எளிது என்றெண்ணியிருந்தவர்க்கு இது எத்தகைய அடி!

அவர் சோர்ந்துவிடவில்லை. ஒருவர் எழுதிச் செம்மையாக்கிய சிறுநிரலை மற்றவரும் எடுத்தாள்வதற்கென்று ஒரு நூலகமே அமைத்தனர் அவ்வாய்வகத்தார். 1951-இல் அதில் 87 சிறுநிரல்கள் இருந்தன. அம்முறையை விளக்கி வில்க்சும் வீலரும் கில்லும் அவ்வாண்டே நூலொன்றும் வெளியிட்டனர்.

மாடிப்படியில் உறைத்ததைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் 1985-இல் வில்க்சே எழுதினார். பழைய தாள்நாடா ஒன்று பின்னாளில் அகப்பட்டது. வரலாற்றாய்வாளர் அதைப் படித்துப் பார்த்தனர். அந்நாளில் வில்க்சு எழுதிய நிரலே அது. வரிகள் 126, பிழைகள் 20.