பக்கத்தை முழுதாக வைத்திருங்கள்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ‘டை’ ஆனது. இலக்கு 348. இந்தியா 347 ரன்னில் ஆட்டமிழந்தது. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், 1960இல் பிரிஸ்பேனில், அப்படி நடந்திருக்கிறது.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் மாலை டீக்கடை அண்ணாச்சியிடம் பேப்பரைக் கேட்டு வாங்கி, படத்தையும் ஸ்கோர் பட்டியலையும் வெட்டி, மைதா பசை காய்ச்சி நோட்டில் ஒட்டினேன். மீதிப் பேப்பர் அடுப்புக்குப் போயிற்று.

அந்த நோட்டை சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் காட்சிக்கு வைத்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். நன்றாக ஓடுகிற பிள்ளை. “சார், அந்த வருசம் எங்க அம்மாச்சி மாவட்டப் போட்டியில 200 மீட்டர் ஓடி ஜெயிச்சாங்களாம். பேப்பர்ல பேரு வந்துச்சாம். சர்டிபிகேட் வெள்ளத்துல போயிருச்சு. உங்க நோட்டுல இருக்குமா?” என்றாள்.

“இதில் கிரிக்கெட் மட்டும்தானம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனம் கேட்கவில்லை. மாலையில் அந்த நோட்டைப் பிரித்து, பசை விட்டிருந்த ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். பின்பக்கத்தில் மாவட்டப் போட்டி முடிவுகள். ‘மாணவியர் 200 மீட்டர்: முதலிடம்’ என்பது வரை இருந்தது. அதற்கு அடுத்த எழுத்தில் என் கத்தரிக்கோல் போயிருந்தது.

வேறு பிரதி தேடலாம் என்றால், எந்த நாளிதழ், எந்தப் பதிப்பு என்று நான் குறித்து வைக்கவில்லை. நாடெங்கும் வெளியாகும் நாளிதழ்களைச் சட்டப்படி பெற்றுவைக்கும் நூலகங்களில் சென்னை கன்னிமாரா நூலகமும் ஒன்று. ஆனால் பெயரும் தேதியும் பதிப்பும் தெரியாமல் அங்கு போய் எதைக் கேட்பது?

ஒன்றை அன்று புரிந்துகொண்டேன். சேப்பாக்கம் ஸ்கோர் எங்கும் கிடைக்கும். டீன் ஜோன்ஸ் 210 என்பதை எந்தப் புள்ளிவிவரப் புத்தகமும் சொல்லும். மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியில் வந்த ஒரு சிறுமியின் பெயர் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பழைய விளையாட்டுச் செய்தித்தாளின் மதிப்பைப் பெரிய ஆட்டத்தை மட்டும் வைத்து அளந்தது என் தவறு.

ஆகவே சில நடைமுறைகளைச் சொல்கிறேன். முதலாவது, வெட்டாதீர்கள். பழந்தாள் சேகரிப்போரும் துண்டுகளைவிட முழு இதழையே அதிகம் மதிக்கிறார்கள். முழுப் பக்கத்தில்தான் தேதி இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, அன்றைய விலைவாசி இருக்கிறது. கணக்கு வகுப்புக்கு ஸ்கோர் பட்டியலும், தமிழ் வகுப்புக்குத் தலைப்புகளும், சமூக அறிவியலுக்கு விளம்பரங்களும் ஒரே தாளில் கிடைக்கின்றன.

இரண்டாவது, தாளின் இயல்பு. செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிறது. அமிலம் சேர்ந்து தாள் நொறுங்குகிறது. எனவே வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம். செலோ டேப், பசை, ஸ்டேப்ளர் பின் மூன்றும் வேண்டாம். லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. ஏற்கெனவே உள்ள மடிப்போடு நின்றுவிடுங்கள். முடிந்தால் விரித்து, அமிலமற்ற தாளை இடையில் வைத்து, அட்டைப் பெட்டியில் படுக்கவைத்த நிலையில் வையுங்கள். பெட்டி தரையிலும் ஈரச் சுவரிலும் படக்கூடாது. கரையானும் இராமபாணப் பூச்சியும் வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மூன்றாவது, தனி உறையில் இதழின் பெயர், தேதி, பதிப்பு, யார் கொடுத்தது என்று எழுதிச் சேர்த்து வையுங்கள். தாளின் மேல் பேனாவால் எழுத வேண்டாம். மாணவர் கைக்கு ஒளிப்படமோ நகலோ போதும்.

அந்த அம்மாச்சியைப் பள்ளிக்கு அழைத்தோம். ஓடிய திடலையும், காலில் செருப்பில்லாமல் ஓடியதையும் சொன்னார். பேத்தி எழுதிக்கொண்டாள். என் நோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பின்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்கு அடுத்துத்தான் எம்பேரு” என்றார். மன்னிப்புக் கேட்டேன். “நீங்களும் சின்னப் பையன்தானே அப்ப” என்று சிரித்தார்.

குறுவட்டப் போட்டிகளும் மாவட்டப் போட்டிகளும் இந்த ஆண்டும் நடக்கும். நம் பிள்ளைகளின் பெயர்கள் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும். அன்று ஒரு பேப்பர் கூடுதலாக வாங்குங்கள். பக்கத்தை முழுதாக வைத்திருங்கள்.