கேள்வி நேரத்தில் நம் பிள்ளைகளின் கணக்கு

(மஹல்லா கல்விக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உதவித்தொகை பற்றிப் பேசத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நான் பாராளுமன்றத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "செயலாளருக்கு அரசியல் ஆசை வந்துவிட்டதா?" என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வயதில் அந்த ஆசையெல்லாம் இல்லை. இரண்டும் ஒரே விஷயம்தான் என்பதைச் சொல்லவே இதை எடுத்தேன்.

2022ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை கொடுத்துவந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பிள்ளை 50 விழுக்காடு மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை மாதம் 100 ரூபாய், பத்து மாதத்துக்கு 1,000 ரூபாய். அந்த ஆயிரத்துக்காக வருமானச் சான்று, வங்கிப் புத்தகம், ஆதார் நகல் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் நம் அலுவலகப் படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஆண்டும் அப்படித்தான் விண்ணப்பித்தோம். நவம்பர் மாதம் அறிவிப்பு வந்தது: இனி 9, 10 வகுப்புகளுக்கு மட்டும்தான். எட்டாம் வகுப்பு வரை கட்டாய இலவசக் கல்விச் சட்டம் இருக்கிறது, அதனால் தேவையில்லை என்பது அரசு சொன்ன காரணம்.

பள்ளியில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். நோட்டு, சீருடை தைக்கும் கூலி, ஷூ, வேன் காசு எல்லாம் இலவசமா? அன்றைக்கு ஒரு தாய் என்னிடம், "அப்போ அந்த ஆயிரம் வராதா, பாய்?" என்று ஒரே வரியில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "மேலிடத்து முடிவு, நாம் என்ன செய்ய முடியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னது தவறு என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். அதே டிசம்பர் 8ஆம் தேதி மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் கேரளத்துத் திருச்சூர் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் டி.என். பிரதாபன். மவ்லானா ஆஸாத் தேசிய ஆய்வு உதவித்தொகையைப் பற்றிய கேள்வி. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி ஆகிய ஆறு சமூகத்துப் பிள்ளைகளும் முனைவர் பட்ட ஆய்வு செய்ய மாதாமாதம் கிடைத்துவந்த தொகை அது. அன்றைய சிறுபான்மை நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி அவையில் பதில் சொன்னார்: வேறு உதவித்தொகைத் திட்டங்களும் இதே பிள்ளைகளுக்குக் கிடைப்பதால் 2022-23 முதல் இது நிறுத்தப்படுகிறது. 2014-15 முதல் 2021-22 வரை 6,722 பேர் தேர்வானார்கள், 738.85 கோடி ரூபாய் வழங்கப்பட்டது என்ற கணக்கும் அந்தப் பதிலில்தான் வந்தது.

கேள்வி கேட்டதால் திட்டம் திரும்பி வந்ததா? வரவில்லை. ஆனால் முடிவு என்ன, காரணம் என்ன, தொகை எவ்வளவு என்பதை அரசு தன் வாயாலேயே அவையில் பதிய வைத்தது. அதற்குப் பிறகுதான் நாடெங்கும் மாணவர்கள் எழுந்தார்கள், பத்திரிகைகள் எழுதின, மற்ற உறுப்பினர்களும் பேசினார்கள். அந்தப் பதில் இல்லையென்றால் நாமெல்லாம் டீக்கடையில் வதந்தியைத்தான் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

மக்களவை கூடும் நாளில் காலை 11 மணி முதல் ஒரு மணி நேரம் கேள்விக்குரியது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். ஆளுங்கட்சி உறுப்பினர்களும் கேட்கலாம். ஆனாலும் சொந்த அமைச்சரைச் சங்கடப்படுத்தும் கேள்வியை எத்தனை பேர் கேட்பார்கள்? அந்த வேலை பெரும்பாலும் எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் விழுகிறது. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். நாம் அதைக் கவனித்தோமா? நான் கவனிக்கவில்லை.

அடுத்து பட்ஜெட். இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். 2022-23இல் சிறுபான்மை நலத்துறைக்கு ஒதுக்கியது 5,020.50 கோடி. 2023-24இல் 3,097.60 கோடி. பத்தாம் வகுப்பு வரைக்குமான உதவித்தொகை 1,425 கோடியிலிருந்து 433 கோடியாக இறங்கியது. தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்கான தகுதி உதவித்தொகை 365 கோடியிலிருந்து 44 கோடி. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பதினொன்றாம் வகுப்பு முதல் படிப்பவர்களின் உதவித்தொகை 515 கோடியிலிருந்து 1,065 கோடியாக ஏறியது. அதை மறைத்துப் பேசினால் எதிர்த்தரப்பு நம்மை ஒரே வார்த்தையில் மடக்கிவிடும்.

ஒவ்வொரு துறையின் செலவும் மானியக் கோரிக்கையாக மக்களவையின் முன் வர வேண்டும் என்பது அரசியல் சட்டம். அதன் மீது உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அதில் ஒரு வகை, "கோரிக்கையிலிருந்து 100 ரூபாயைக் குறை" என்பது. நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க அல்ல, ஒரு குறிப்பிட்ட குறையை அவையில் பேச வைப்பதற்கான வழி அது. இந்த 3,097 கோடியைப் பற்றி அப்படி யாராவது பேச வேண்டிய ஆண்டு 2023. என்ன நடந்தது? மார்ச் 23ஆம் தேதி, ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம் முழுவதும் விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதானி விவகாரத்தில் கூட்டுக் குழு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் முழக்கம். ராகுல் காந்தி லண்டனில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சி முழக்கம். அந்த இரைச்சலில் நம் பிள்ளைகளின் ஆயிரம் ரூபாய் யார் காதிலும் விழவில்லை. அவையை நடத்தும் பொறுப்பு முதலில் ஆளும் தரப்புக்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களிடமும் எனக்கு அன்று வருத்தம் இருந்தது. அதற்கடுத்த ஆண்டு அதே தலைப்பில் ஒதுக்கியது 326 கோடி.

எண்ணிக்கை இல்லாதபோது பேசி என்ன பயன் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் 1946 முதல் 1952 வரை சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23 அன்று, எந்தச் சமூகத்தையும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொடுத்தார். தோற்றுப் போனது. ஆனால் அந்த விவாதம் அச்சில் இருக்கிறது. பொது சிவில் சட்டம் என்று பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பக்கங்களை இன்றும் புரட்டுகிறார்கள்.

வக்ஃப் திருத்த மசோதாவிலும் அதுதான். கூட்டுக் குழுவில் எதிர்க்கட்சியினர் கொடுத்த திருத்தங்கள் எல்லாம் தள்ளப்பட்டன, ஆளும் தரப்பின் 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. 2025 ஏப்ரல் 3 அதிகாலை மக்களவையில் 288க்கு 232 என்று நிறைவேறியது. உவைஸி சாஹிப் மசோதா நகலைக் கிழித்த காட்சி நம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வந்தது. அவரும் மற்றவர்களும் குழுவில் எழுதிக் கொடுத்த மாறுபட்ட கருத்துகளை எத்தனை பேர் படித்தோம்? அந்தக் குழுவில் இருந்த உவைஸி, முஹம்மது ஜாவேத், நம் நீலகிரி உறுப்பினர் ஆ. ராசா ஆகியோர்தான் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்கள். செப்டம்பர் 15 அன்று அந்தச் சட்டத்தின் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. முழுத் தடை அல்ல.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரண்டு துணி உடுத்தி மிம்பரில் நின்றபோது, எல்லோருக்கும் ஒரு துணிதானே பங்கு வந்தது, உங்களுக்கு மட்டும் இரண்டா என்று கேள்வி எழுந்த சம்பவத்தை நம் ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கலீஃபா கோபப்படவில்லை, மகனை எழுப்பிப் பதில் சொல்லச் சொன்னார்கள். மகன் தன் பங்கைத் தந்தைக்குக் கொடுத்திருந்தார். கணக்குத் தெரிந்த பிறகுதான் மக்கள் பயானைக் கேட்டார்கள்.

இனி நம் பக்கத்துக் குறை. ஓர் உறுப்பினர் கேள்வி கொடுக்க வேண்டுமென்றால் 15 நாள் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். அவருக்கு விவரம் வேண்டும். எத்தனை பிள்ளைகள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குப் பணம் வந்தது, எத்தனை பேருக்கு என்ன காரணத்தால் நிராகரிப்பு? 2022இல் நம் எம்.பி. அலுவலகத்துக்கு நாம் இதில் ஒன்றும் எழுதவில்லை. எழுத நம்மிடம் கணக்கே இல்லை. படிவம் நிரப்பிக் கொடுத்தோம், நகலைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. செயலாளர் நான்தான்.

அதனால் இந்த ஆண்டு அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறந்திருக்கிறோம். பிள்ளையின் வகுப்பு, விண்ணப்ப எண், தேதி, பணம் வந்ததா இல்லையா என்று நான்கு பத்திகள். பெயர் வெளியே போகாது, எண்ணிக்கை மட்டும்தான் போகும். அடுத்த கூட்டத்தொடர் தேதி அறிவித்ததும் கடிதம் எழுதி, நிர்வாகிகள் இரண்டு பேர் எம்.பி.யிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் எந்தக் கட்சி என்று பார்க்கப் போவதில்லை. அஸருக்குப் பிறகு மஃரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும். நிராகரிப்பு வந்தவர்கள் போனில் வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் கொண்டு வாருங்கள், அதில் காரணம் இருக்கும்.