எத்தனை தடவை அளந்தீங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை மட்டும் வெட்டியிருக்கோம்.)

போன எபிசோட்ல ஏஐ, லேஆஃப்னு பேசி உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன். இன்னைக்கு வேற ஏரியா. ஸ்கூல் சைன்ஸ் எக்ஸிபிஷன். சிரிக்காதீங்க, சீரியஸான மேட்டர்தான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா பள்ளிகொண்டா. சென்னை–பெங்களூர் ஹைவேல போறவங்களுக்கு அது ஒரு டோல்கேட், அவ்ளோதான். ஃபாஸ்டேக் அடிச்சதும் மறந்துடுவீங்க. உள்ள வந்தா பாலாத்தங்கரையில ரங்கநாதர் கோயில் இருக்கும். காலையில ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு ஆள் ஏத்திட்டுப் போற பஸ் வரிசையா நிக்கும். எங்க ஊரைச் சுத்தி இருக்கிறவங்க சோறு பாதி தோல்லயும் ஷூவுலயும்தான் ஓடுது.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அக்கா பொண்ணு வந்தா. ஒன்பதாவது படிக்கிறா. "மாமா, சைன்ஸ் எக்ஸ்போ வருது. ஏதாவது சென்சார் வெச்சு பண்ணிக் குடு. டிஸ்ட்ரிக்ட் போய், ஸ்டேட் போய், அப்புறம் அமெரிக்கா கூட போலாமாம், மிஸ் சொன்னாங்க"ன்னா.

நமக்குக் கேக்கணுமா? சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேற. சனிக்கிழமை ராத்திரியே உக்காந்துட்டேன். ஒரு போர்டு, ஒரு தண்ணி சென்சார், போன்ல கிராஃப் வர்ற மாதிரி ஒரு டேஷ்போர்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாம் ஓடுது. எனக்கே என்னைப் பாத்து பெருமை.

காலையில அவகிட்ட காட்டுனேன். நல்லா பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "மாமா, ஜட்ஜ் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

அந்த இடத்துல நான் நின்னுட்டேன். ஏன்னா அதே கேள்வியில நான் ஒரு தடவை மாட்டியிருக்கேன்.

ஒன்பது கிணறு, ஒரு ஞாயித்துக்கிழமை

2011. நானும் அப்போ ஒன்பதாவதுதான். நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் பண்ணோம். கேன் தண்ணி போடுற அண்ணன்கிட்ட கெஞ்சி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினோம். பேனா மாதிரி இருக்கும், தண்ணில முக்குனா நம்பர் காட்டும். தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு ஒரு கணக்கு. ஒரே ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல சுத்தி ஒன்பது கிணறு அளந்தோம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா குடிக்க ஓகே, வேற தண்ணியே இல்லாத ஊர்னா 2000 வரைக்கும் சரின்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. எங்க ஒன்பதுல ஒண்ணு கூட 500க்குள்ள வரல.

சார்ட் எழுதுனோம். தலைப்பு, "டேனரியால் பாழான நிலத்தடி நீர்". எக்ஸிபிஷனுக்கு முந்தின நாள் சார் பாத்துட்டு, "டேனரிங்கிற வார்த்தையை எடுத்துடுங்கடா, எதுக்கு வம்பு"ன்னுட்டார். ஃப்ரெண்டோட நயினா டேனரில வேலை பாத்தவர். அவரு அன்னைக்கு ராத்திரி சொன்னது இன்னும் காதுல இருக்கு: "அந்த சோத்தைத் தானடா துன்ற?" அவன் பதில் சொல்லல. நானும்தான். தலைப்பை மாத்திட்டோம்.

மாவட்ட அளவுல ஒரு வயசான ஜட்ஜ் வந்தார். ரொம்ப மரியாதையா பேசுனார். "தம்பி, எத்தனை தடவை அளந்தீங்க?" ஒரு தடவை சார். "எந்த மாசம்? மழைக்கு முன்னாடியா, பின்னாடியா? இது கிணத்தோட குணமா, அந்த நாளோட குணமான்னு எப்படித் தெரியும்?" நாங்க ரெண்டு பேரும் தரையைப் பாத்தோம். முதல் பரிசு, சிரிஞ்சுல தண்ணி ஊத்தி ஓட்டுற ஜேசிபிக்குப் போச்சு.

ரொம்ப நாள் ரெண்டு கோவம் இருந்துச்சு. வார்த்தையை எடுக்கச் சொன்ன சார் மேல ஒண்ணு, ஜேசிபி மேல ஒண்ணு. இப்போ யோசிச்சா, எங்க தலைப்பு அப்பவே தப்புதான். டிடிஎஸ் மீட்டர் உப்பு இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். அது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லாது. பாறையில இருந்து வரலாம், சாக்கடையில இருந்து வரலாம், உரத்துல இருந்தும் வரலாம். சார் பயந்து எடுக்கச் சொன்னார். நாங்க ஆதாரம் இல்லாததால எடுத்திருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல.

ஏணி எங்கெங்க இருக்கு

சரி, ஒரு ஒன்பதாவது பொண்ணு பள்ளிகொண்டாவுல இருந்து வெளிநாடு வரைக்கும் போக வழி இருக்கா? இருக்கு. ஒண்ணு இல்ல, சில வழி இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விஷயத்தைக் கேக்குது.

முதல்ல இன்ஸ்பயர்-மானக். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசிய கண்டுபிடிப்பு நிறுவனமும் நடத்துறது. பசங்க ஐடியாவை ஸ்கூல் ஆன்லைன்ல அனுப்பும். தேர்வானா மாடல் செய்ய 10,000 ரூபாய் மாணவர் கணக்குக்கே வரும். மாவட்டம், மாநிலம், தேசியம்னு போகும். ஜெயிச்ச பசங்க ஜப்பான் போயிட்டு வந்திருக்காங்க. இங்க கேக்கறது ஐடியா.

ரெண்டாவது, தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993ல இருந்து நடக்குது. நம்ம மாநிலத்துல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எடுத்து நடத்துற ஒண்ணு. மாடல் தேவையில்ல. உங்க ஊர்ல ஒரு பிரச்சினையை எடுத்து ஆய்வு பண்ணணும். தமிழ்லயே பண்ணலாம், தமிழ்லயே பேசலாம். தமிழ் மீடியம் பசங்களுக்கு இதோட அருமை தெரியும்.

மூணாவது பெரிசு. ஐசெஃப், அதாவது சர்வதேச அறிவியல் பொறியியல் கண்காட்சி. 1950ல ஃபிலடெல்ஃபியாவுல ஆரம்பிச்சது. 9ல இருந்து 12ஆம் வகுப்பு வரைக்கும். 60க்கும் மேல நாடுகள்ல இருந்து 1,600க்கும் மேல பசங்க வருஷா வருஷம் மே மாசம் அமெரிக்காவுல கூடுவாங்க. நேரா அப்ளை பண்ண முடியாது. இணைப்பு பெற்ற ஒரு கண்காட்சியில தேர்வாகித்தான் போகணும். இந்தியாவுல ஐரிஸ்னு ஒரு தேசிய கண்காட்சி அதுக்கு வாசல்.

ஐசெஃப் ரூல்ஸ் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஸ்டால்ல எந்தத் திரவமும் வைக்கக்கூடாது. தண்ணி கூட. மண்ணும் கூடாது. நம்ம ஊரு எரிமலை, வினிகர் ஊத்தி பொங்க விடுறது, அது உள்ளயே போகாது. ஏற்கெனவே தெரிஞ்சதை விளக்குற மாடலுக்கும் அங்க இடம் இல்ல. என்ன கேள்வி கேட்ட, எப்படி அளந்த, என்ன வந்துச்சு, தேதி போட்ட நோட்டு எங்க. இதுதான் மேட்டர். பெரியவங்க யாராவது வழிகாட்டியிருந்தா, ஒரு லேப்ல வேலை பண்ணியிருந்தா, அதுக்குன்னு தனி ஃபார்ம் இருக்கு. உதவி வாங்குறது தப்பில்ல. எது உதவி, எது உன் வேலைன்னு நீ சொல்லணும். ஜட்ஜ் நேர்ல உக்காந்து கேப்பார். நான் எழுதின கோடை என் அக்கா பொண்ணு அங்க எப்படி விளக்குவா?

திருவண்ணாமலைத் தெருவுல ஒரு இஸ்திரி வண்டி

பக்கத்துல நடந்த ஒரு கதை சொல்றேன். திருவண்ணாமலை, வினிஷா உமாசங்கர். ஸ்கூல் விட்டு வர்ற வழியில இஸ்திரி வண்டிக்காரர் எரிஞ்சு முடிஞ்ச கரியைத் தரையில கொட்டுறதைப் பாக்குறாங்க. இந்தக் கரிப்புகை எங்க போகுது, இதே மாதிரி நாடு முழுக்க எத்தனை வண்டின்னு ஒரு கேள்வி. 2019, அவங்களுக்கு வயசு 12. சூரிய ஒளியில ஓடுற இஸ்திரி வண்டி ஒண்ணை டிசைன் பண்றாங்க. 5 மணி நேரம் வெயில் கிடைச்சா 6 மணி நேரம் தேய்க்கலாம்னு கணக்கு.

அந்த வருஷம் அப்துல் கலாம் பேர்ல தர்ற இக்னைட் விருது அவங்களுக்குக் கிடைச்சுது. அதே தேசிய கண்டுபிடிப்பு நிறுவனத்தோட இன்ஜினியர்கள்தான் அந்த வண்டியை நிஜமா செஞ்சாங்க. 2020ல சுவீடன்ல இருந்து குழந்தைகள் காலநிலைப் பரிசு. 2021ல எர்த்ஷாட் பரிசோட இறுதிப் பட்டியல். அதே வருஷம் நவம்பர்ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடையில உலகத் தலைவர்கள் முன்னாடி பேசுறாங்க.

இது ஐசெஃப் பாதை கிடையாது, ஐடியா பாதை. ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. வண்டியை இன்ஜினியர்கள் செஞ்சாங்கங்கிறது எல்லாருக்கும் தெரியும், யாரும் மறைக்கல. கேள்வி அவங்களோடது, அதையும் யாரும் எடுத்துக்க முடியாது. அந்தக் கேள்வி கூகுள்ல தேடிக் கிடைச்சதில்ல, தெருவுல கிடைச்சது.

இன்னொரு ஸ்டைலுக்கு கலாம்சாட். கரூர் பக்கம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கும் அவரோட டீமும் செஞ்சது. 64 கிராம். 2017 ஜூன்ல நாசாவோட வாலப்ஸ் தளத்துல இருந்து ராக்கெட்ல போச்சு. பூமியைச் சுத்துச்சுன்னு வாட்ஸப்ல வரும், அது தப்பு. மேல போயிட்டு சில நிமிஷம் எடையில்லாத நிலையில இருந்துட்டு கீழ வர்ற பயணம் அது. 3டி பிரிண்ட் பண்ண கார்பன் ஃபைபர் அந்தப் பயணத்தைத் தாங்குமான்னு பாக்கறதுதான் சோதனை. ஒரு தெளிவான கேள்வி. அது போதும் பெருமைக்கு, மேல ஜோடிக்க வேண்டியதில்ல.

நம்ம ஊர்ல கேள்விக்கா பஞ்சம்?

இப்போ எங்க ஊருக்கு வருவோம். பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு போட்டு வைப்பாங்க. டேனரில அதை முதல்ல தண்ணில ஊற வைப்பாங்க. அந்த உப்பெல்லாம் தண்ணிக்குப் போகும். அப்புறம் பதனிட குரோமியம். பழைய முறையில ஆவாரம் பட்டை. இன்னைக்கு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கு. ஆனா முன்னாடி தேங்கினது மண்ணுல இருக்கு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. மாசு பண்ணவரே செலவை ஏத்துக்கணும்ங்கிறதை நம்ம நாட்டுச் சட்டத்துல ஊன்றின தீர்ப்பு அது. இந்தியாவுல சட்டம் படிக்கிற எல்லாரும் வேலூர் பேரைப் படிக்கிறாங்க. 2025 ஜனவரியில பாலாறு பத்தி மறுபடி ஒரு தீர்ப்பு வந்துச்சு.

அந்த 1996 தீர்ப்பைப் படிச்சப்போ ஒரு வரியில நின்னுட்டேன். திண்டுக்கல் பக்கம், அதுவும் தோல் ஊர்தான். ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமத்துல ஆய்வு பண்ணி, 467 கிணத்துல 350 கெட்டுப் போச்சுன்னு பதிவு பண்ணியிருக்கு. அது அப்படியே உச்ச நீதிமன்றத் தீர்ப்புல இருக்கு. யாரோ ஒருத்தர் நோட்டு எடுத்துட்டு கிணறு கிணறா நடந்திருக்கார். நாங்க ஒன்பதுல நிறுத்துனோம். அதுவும் ஒரு நாள்ல.

2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? வறண்டு கிடந்த மணல்ல அவ்ளோ தண்ணி. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம், பின்னாடி ஒரு வருஷம் எங்க ஊர் ஸ்கூல் ஏதாவது வாரம் ஒரு தடவை பத்து கிணறு அளந்து வெச்சிருந்தா, அது தங்கம். வெள்ளம் உப்பைக் கரைச்சு இழுத்துட்டுப் போச்சா, இல்ல மண்ணுல இருந்ததைக் கிணத்துக்குள்ள இறக்குச்சா? அந்த நோட்டு இருந்தா பதில் தேட ஒரு ஆரம்பமாவது இருந்திருக்கும்.

ஒரு நோட்டு, ஒரு மீட்டர்

அந்த ஞாயித்துக்கிழமை என் டேஷ்போர்டை மூடிட்டேன். கடைக்குப் போய் ஒரு லாங் சைஸ் நோட்டும், ஆன்லைன்ல ஒரு டிடிஎஸ் மீட்டரும் வாங்கிக் குடுத்தேன். ஆறு கிணறு. வாராவாரம் ஒரே கிழமை, ஒரே நேரம். ஒவ்வொரு கிணத்துலயும் மூணு தடவை முக்கி மூணு நம்பரையும் எழுதணும். பிடிக்காத நம்பரை அழிக்கக்கூடாது. காரணம் தெரியலன்னா "தெரியல"ன்னு எழுதணும்.

முதல் வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. "இது ப்ராஜெக்டா மாமா? லைட்டே எரியல." நாலாவது வாரம் அவளே போன் பண்ணா. "மாமா, மூணாம் நம்பர் கிணறு மட்டும் திடீர்னு ஏறிடுச்சு. மீட்டரை கழுவிட்டு மறுபடி வெச்சேன், அப்பவும் அதே. பக்கத்து வயல்ல நேத்து உரம் போட்டாங்களாம். அதனாலயான்னு தெரியல, தெரியலன்னு எழுதிட்டேன்."

நான் 2011ல சொல்லாத பதில் அது.

அவ வேலூரைத் தாண்டுவாளா? தெரியல. அமெரிக்கா? தெரியல. இந்த வருஷமும் சிரிஞ்ச் ஜேசிபி ஜெயிக்கலாம். ஆனா யார் வந்து கேட்டாலும் அவகிட்ட பதில் இருக்கும். என் பேரை இழுக்கவும் தேவையில்ல. "மீட்டர் மாமா வாங்கிக் குடுத்தாரு"ன்னு மட்டும் சொன்னா போதும், அதுதான் உண்மை.

இதைக் கேக்குற உங்கள்ல பாதிப் பேர் ஓஎம்ஆர்லயும் வொயிட்ஃபீல்டுலயும் உக்காந்திருப்பீங்க. ஊர்ல ஒரு தம்பியோ, அக்கா பையனோ, பழைய ஸ்கூலோ இருக்கும். எக்ஸ்போ சீசன்ல போன் வரும், "ஏதாவது பண்ணிக் குடு"ன்னு. தயவுசெஞ்சு பண்ணிக் குடுக்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. உன் தெருவுல உனக்குப் புரியாதது எது? அதை எதை வெச்சு அளப்ப? எத்தனை தடவை அளந்த? அப்புறம் வாரம் ஒரு பத்து நிமிஷம் போன்ல உக்காருங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கோட் எழுதறதை விட இது கஷ்டம். நமக்குக் கை பரபரக்கும். அடக்கிக்கோங்க.

என் ஃப்ரெண்ட் இப்போ ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில க்வாலிட்டி செக்கிங்ல இருக்கான். இந்தக் கதையை அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன். "சொல்லு, ஆனா ஒன்பது கிணறுன்னு சொல்லாத மச்சான், எட்டுதான். கடைசி ஒண்ணு நாய் துரத்துச்சு, நீ பக்கத்துக் கிணத்து நம்பரையே எழுதிட்ட"ன்னான்.

பதினாலு வருஷம் கழிச்சு ஒப்புக்கிறேன் ஐயா. எட்டு.

அடுத்த வாரம் பாக்கலாம் மக்களே.